முள்ளியாற்றில் இருபத்தைந்து மீட்டர்

சித்திரையில் வந்தது சுற்றறிக்கை.
பதினோராம் வகுப்புக்கு நீச்சல்:
இருபத்தைந்து மீட்டர், நேர்க்கோட்டில்.
இரண்டு நிமிடம் மிதத்தல்.
இருபது விநாடி மூச்சடக்கல்.
மாத இறுதிக்குள் மதிப்பெண் ஏற்றவும்.

முள்ளியாற்றில் அப்போது
ஒரு நாய் குறுக்கே நடந்து போனது
கால் நனையாமல்.

திருத்துறைப்பூண்டி கடைமடை.
காகிதம்கூட இங்கே
மேலே எல்லோரும் எடுத்தது போகத்தான் வரும்.
மூன்று பக்கத்தில் நடுப்பக்கம் இல்லை.

ஆற்று மணலில் படுக்கச் சொன்னேன்
முப்பத்தொரு பெண்களை.
கை மாற்று, கால் அடி,
வலப்பக்கம் முகம் திருப்பி மூச்சு வாங்கு.
கைப்பேசியைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல
மணலை நீந்தினார்கள்.
ரஹ்மத் நிஷா எழுந்து
கன்னத்தைத் தட்டிக்கொண்டு கேட்டாள்:
"மிஸ், கரை வந்திருச்சா?"
பீரியட் முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

நீச்சலுடை கட்டாயம் என்றிருந்தது.
கடைத்தெருவில் விசாரித்தேன்.
கடைக்காரர் நெடுநேரம் யோசித்து
ஒரு மழைக்கோட்டை எடுத்துப் போட்டார்.

உடற்தகுதி அட்டை தனி.
அறுநூறு மீட்டரில் கடைசியாக வந்த செங்கொடி
உட்கார்ந்து குனிந்து விரல் நீட்டும் சோதனையில்
அளவுகோலைத் தாண்டிப் போனாள்.
நெகிழ்வு: மிகச் சிறப்பு.
எழுதி முடிப்பதற்குள் கேட்டாள்,
"அந்த வலி ஸ்ப்ரே கொஞ்சம் அடிங்க மிஸ்.
ரெண்டு நாளா உளுந்து பிடுங்கினோம்."
அதற்கு அட்டையில் கட்டம் இல்லை.

கடைசிப் பக்கத்தில் எனக்கும் ஒரு கேள்வி:
பயிற்றுநர் நீந்தத் தெரிந்தவரா?
நான் காளையார்கோவில் பக்கம்.
எங்கள் ஊரில் ஆழம் என்பது
போர் போட்டவன் சொல்லும் அடிக்கணக்கு.
ஆம் என்று குறித்தேன்.

முப்பத்தொரு பேருக்கும் தேர்ச்சி.
மணலில் யாரும் மூழ்கவில்லை.

அறிக்கையின் முதல் பத்தியை
அன்று நான் சரியாகப் படிக்கவில்லை.
சென்ற ஆண்டு, சட்ரஸுக்குக் கீழே,
மாணவர்கள் இருவர்.
பெயர் போடவில்லை, எண்ணிக்கை மட்டும்.
ஒருவனை எனக்குத் தெரியும். இளஞ்செழியன்.
மாவட்டப் போட்டியில் நீளம் தாண்டினான்.
ஐந்து மீட்டர் எண்பத்து நான்கு.
டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தது நான்.

ஆவணியில் தண்ணீர் வந்தது
நுரையும் ஆகாயத்தாமரையும்
ஒற்றைச் செருப்பும் முன்னே வர.
பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு ஆகியிருந்தார்கள்.
மதிப்பெண் ஏற்றியாயிற்று, யாரும் கேட்கப்போவதில்லை.
இருந்தும் கூட்டிப்போனேன்
ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு.

செங்கொடி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் குதித்தாள்.
தலையைத் தூக்கியே நீந்தினாள்,
எதிரே வரும் குப்பையைப் பார்த்துக்கொண்டு.
ஆறு இழுத்த சாய்வில் போய்
முப்பது முழம் கீழே கரையேறினாள்.
நேர்க்கோடு அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் முப்பத்தொன்றில் பதினெட்டுப் பேர்
படியை விட்டு இறங்கவேயில்லை.
ஆற்றங்கரைப் பிள்ளைக்கு நீச்சல்
கூடவே பிறக்கும் என்று நினைத்திருந்தேன்.
ஆறு அண்ணன் தம்பிகளுக்கு,
துவைக்கிற படி இவர்களுக்கு
என்று பாகம் பிரித்திருந்தது ஊர்.

செருப்பைக் கழற்றினேன்.
பதினெட்டோடு பத்தொன்பதாக
இடுப்பளவு நீரில்
படித்துறைக் கம்பியைப் பிடித்து நின்றேன்.
கால்விரல்களுக்கு அடியில் மணல்
நழுவிக்கொண்டே இருந்தது.

மூச்சடக்கல், இருபது விநாடி.
விசில் ஊதினேன்.
எல்லாத் தலையும் உள்ளே போயிற்று.

ஒன்பது வரைதான் எண்ண முடிந்தது.
அப்புறம் ஊதினேன், ஊதினேன்,
ஒவ்வொரு தலையாக எழும்பும்வரை ஊதினேன்.

கடைசியாக வந்தவள் மெட்டில்டா.
மூக்கில் நீர் ஒழுகச் சொன்னாள்:
"உள்ள ஒண்ணுமே கேக்கல மிஸ்."

முறைத் தண்ணீர்.
இன்னும் ஐந்து நாள் வரும் என்கிறார்கள்.