இன்னும் இரண்டு

அரௌசா கழிமுகத்தில் பதினேழு நாட் வாடை.
"இன்றைக்கு ஸ்பின்னக்கர் வேண்டாம்" என்கிறான் பிராய்ஸ்.
ஊஷியா பையின் வாயைத் திறந்துவிட்டாள்.

நேற்றிரவு கூடத்துத் தரையில்
மூன்று முனைகளையும் தேடியெடுத்து
முறுக்கில்லாமல் மடித்தவள் அவள்தான்.
சோபாவில் கால்களைத் தூக்கி
வழிவிட்டான் அவன்.
ஒரு வாரமாக அவர்களுக்குள்
அதுதான் நீண்ட உரையாடல்.

பெரிய பாயின் மறைவில் ஏற்றினார்கள்.
ஒரு கணம் செத்த துணி.
பிறகு டப்பென்று
ஆரஞ்சு நிற வயிறு.

"விடு. விளிம்பு சுருளும்வரை விடு.
சுருண்டதா, ஒரு சாண் இழு.
திரும்ப விடு.
கையில் மட்டும் கயிற்றைச் சுற்றாதே."
செல்சோவின் சுண்டுவிரல்
இருவருக்கும் நினைவுக்கு வந்தது.
நன்றாக நிற்கும் பாய்
இதோ சரியப்போகிறேன் என்றே நிற்கிறது.

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கறுத்தது.
முன்னே, யூகலிப்டஸ் கட்டைகளின் வரிசை:
மட்டி வளர்க்கும் மிதவைகள்.
படகு பக்கவாட்டில் சாய்ந்து
தன்னிஷ்டத்துக்குத் திரும்பப் பார்த்தது.
சுக்கான் அவள் கையில் எடையிழந்தது.

"விடு!"

விட்டான், முழுதாக, கேள்வி கேட்காமல்.
பாய் படபடவென்று அடித்துக்கொள்ள
படகு மெல்ல நிமிர்ந்தது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம்;
சுருட்டிக்கொள்வதற்கு
அதைவிடக் கொஞ்சம் முன்பே
கை நீளவேண்டும்.

கொடிமரத்தடியில், பெரிய பாயின் நிழலில்,
கை மாற்றிக் கை மாற்றி
ஈரத்தை மார்போடு அள்ளிக்கொண்டு
அறைக்குள் இறங்கினான்.
வெகுநேரம் சத்தமில்லை.

"ஒரு முனை கிடைத்துவிட்டது"
கீழிருந்து குரல்.

"இன்னும் இரண்டு" என்றாள்,
மிதவைகளிலிருந்து கண்ணெடுக்காமல்.