கேள்வி பதினான்கு

பதினொரு பக்கப் படிவம்,
விரல் குத்தும் ஊசி, பஞ்சு,
இரத்தத்தை எண்ணாக்கும் சின்னக் கருவி.
மண்டபம் பேருந்திலிருந்து ஆறு பேர் இறங்கினோம்.
பேராசிரியர் மறுபடி சொன்னார்:
"பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள்.
அவர்கள் சொல்வது மட்டும்."

பதினான்காம் கேள்வி:
நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?
காலை. மதியம். இரவு.
மூன்று கட்டங்கள், சம அளவில்.

நம்புத்தாய் தலை துவட்டிக்கொண்டே கேட்டார்:
"நேத்துன்னா? கடல் நாளா, கரை நாளா?"

படிவத்தைப் புரட்டினேன்.
அதற்குக் குறிப்பு இல்லை.

"அமாவாசை கழிஞ்சு நாலாம் நாளு நேத்து.
வத்தம் பாத்து
விடியுமுன்ன வள்ளம் ஏறினோம்.
ஏறுமுன்ன ஒரு வாய் கஞ்சி.
அப்புறம் தீவோரம் முங்கி முங்கி எந்திரிச்சுக்
கரை சேரையில மணி மூணு.
இதுல உன் மதியம் எங்க இருக்கு?"

பென்சிலால் காலையை அடித்துக்
'கடலுக்கு முன்' என்றெழுதினேன்.
இரவை அடித்துக் 'கடலுக்குப் பின்'.
நடுக் கட்டத்தை என்ன செய்ய?
உப்புத் தண்ணீர் என்று எழுதலாம்,
மென்பொருள் ஏற்காது.

வாசலில் நீலத் தார்ப்பாயில் காய்ந்துகொண்டிருந்தது பாசி.
"இதுக்குப் பேரு?"
"கஞ்சிப்பாசி."
ரிஸ்வானா குனிந்து தொட்டாள். கீழக்கரைக்காரி.
நோன்பு மாதத்தில் பாலும் சீனியும் சேர்த்து
அவள் வீட்டில் தட்டில் உறையவைத்துத் துண்டு போடுவது
இந்தச் சாதிதான்.
ஈரத்தோடு இப்போதுதான் பார்க்கிறாள்.
"நீங்க செய்வீங்களா?"
"ஏவாரி வந்து நிறுத்து எடுத்துக்கிட்டுப் போயிருவாரு.
எங்க கஞ்சி ரேசன் அரிசில."

உணவு வகை ஏழு, கடல் தாவரங்கள்:
'இல்லை'யில் டிக் அடித்தேன்,
மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு.

விரல் நீட்டச் சொன்னபோது
பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது.
அவிழ்த்தார்.
பாறை கிழித்த கோடுகள், ஆறியதும் ஆறாததும்.
குத்த இடம் தேடினேன்.
இடது மோதிர விரலின் ஓரத்தில்
ஒரு நெல் அளவுக்கு இருந்தது.

ஒன்பது புள்ளி எட்டு.

"கொறச்சலா?"
"கொஞ்சம்."
"உனக்கு எவ்வளவு?"

தெரியாது. யாரும் கேட்டதில்லை.
ரிஸ்வானா என் கையைப் பிடித்துக் குத்தினாள்.
பாசி புரட்டிக்கொண்டிருந்தவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.
எட்டு புள்ளி ஆறு.
தெருவே சிரித்தது.
பிறகு சிரிப்பு நின்றது.

படிவம் கை மாறியது.
ஒன்பதாவது படிக்கும் மகள் கார்னிகா
என் பேனாவோடு, டீச்சர் குரலில்:
நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

நான் கரூரிலிருந்து படிக்க வந்தவள்.
காலை டீ.
இரவு, கெட்டிலில் வெந்த நூடுல்ஸ்.
"கடல் நாளா அக்கா?"
"பரீட்சை நாள்."
நடுக் கட்டத்தில் அவளே கோடு போட்டாள்.

அடித்தல் திருத்தலைப் பேராசிரியர் நெடுநேரம் பார்த்தார்.
"நாற்பது வீடு முடிச்சிருக்கோம்," என்றார்.
"அத்தனை வீட்டிலும் மதியம் எழுதியிருக்கோம்."
வெயிலில் தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டார்.

புறப்படும்போது ஒரு பையில் காரப்பொடி.
வாங்கக் கூடாது, விதி இருக்கிறது என்றேன்.
"அது ஆராய்ச்சிக்கு. இது கறி மீனு."

பேருந்தில் நடத்துநர் வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

விடுதியில் அடுப்பில்லை.
அதே கெட்டிலில் மஞ்சள், உப்பு,
அறைத்தோழியிடம் இரந்த இரண்டு பச்சை மிளகாய்.
நள்ளிரவில் பொடி முள்ளை நாக்கால் ஒதுக்கிக்கொண்டே
முதலில் என் படிவத்தைக் கணினியில் ஏற்றுகிறேன்.

உணவு கிடைத்த வழி:
கடை. ரேசன். சொந்த விளைச்சல். மற்றவை.

மற்றவையை அழுத்தினால்
குட்டிக் கட்டம் ஒன்று திறக்கிறது.
விளக்குக, இருபது எழுத்துக்குள்.

குத்திய விரலில் உப்பு எரிகிறது.