ஏழு கல் குறைவு

நான்தான் கேட்டேன்.
வேறு யார் யாரோ கேட்டதாகச் சொல்கிறார்கள்,
சொல்லட்டும்.

எகிப்தில், அன்றைக்கு, ஏழு கல் குறைந்தது.
ஏத்னான் என் அச்சை எடுத்துத்
தன் கணக்கில் அறுத்துக்கொண்டான்.
மாலை எண்ணும்போது சவுக்கு யார் முதுகுக்கு?
அடித்தேன்.
முழங்கால்வரை நைலின் சேறு, அவன் வாயிலும் சேறு.

அப்போது வந்தான் அரண்மனைப் பிள்ளை.
வெள்ளை மெல்லாடை, கண்ணில் மை.
எங்கள் மொழியை
விருந்தாளி செருப்பைக் கழற்றுவதுபோல்
தயங்கித் தயங்கிப் பேசினான்:
உன் ஆளையே ஏன் அடிக்கிறாய்?

உன் ஆள்.
சேறு மிதித்து ஒருநாளும் கால் வெடிக்காதவன்
சொல்கிறான், உன் ஆள்.

கேட்டுவிட்டேன்:
எங்களுக்கு நாட்டாமை பார்க்க
உன்னை எவன் அனுப்பினான்?
நேற்று மேஸ்திரியைப் புதைத்தாயே,
பக்கத்தில் எனக்கும் இடம் பார்த்துவிட்டாயா?

மணலில் புதைத்திருந்தான்.
மணலைப் பற்றி அரண்மனையில் சொல்லித் தருவதில்லை.
காற்றடித்தால் விரல் தெரியும்.

மறுநாள் அவன் ஊரில் இல்லை.
ஏத்னான் சிரித்தான், நானும்.
ஏழு கல்லுக்கான அடியைப்
பாதிப் பாதியாக வாங்கிக்கொண்டோம்.

நாற்பது வருடம்.
திரும்பி வந்தவன்மேல் ஆட்டு வாடை,
கையில் கோல்,
நாக்கு முன்னைவிடத் திக்கியது.
அவன் வந்த வாரமே வைக்கோல் நின்றது,
கணக்கு நிற்கவில்லை.
ஏத்னான் தாளடி பொறுக்கப் போன வயலிலேயே
விழுந்து செத்தான்.

மறுபடி கேட்கப் போனேன்.
இந்த முறை களமே என் பின்னால் நின்றது.
வாய் திறக்குமுன் அடையாளம் கண்டுகொண்டான்.
“அதையே நானும் கேட்டேன்” என்றான்,
“நான் யார் என்று.
ப... பதில் வரவில்லை.
போ என்று மட்டும் வந்தது.”

குனிந்துகொண்டேன்.
அவன் குதிகால் வெடித்திருந்தது.
அந்தக் குதிகாலுக்குப் பின்னால்தான் கடலைக் கடந்தேன்.

இப்போது வனாந்தரம்.
நேற்று பெரிய வீட்டார் சிலர் கேட்டார்கள்.
என் கேள்விதான், நல்ல வார்த்தைகளில்.
நிலம் பிளந்தது.
கூடாரம், பானை, ஒரு தொட்டில்.
மூடிக்கொண்டது.
ஒரு விரல்கூட வெளியே தெரியவில்லை.

தீர்ப்பு என்கிறார்கள்.
எனக்குத் தொட்டில்தான் கண்ணில் நிற்கிறது.

இரவு அவன் கூடாரத்துக்கு வெளியே
முகங்குப்புறக் கிடந்தான்.
பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
என் மூட்டையில் துருத்தியதைத் தடவிப் பார்த்து,
கல் அச்சா, எதற்குச் சுமக்கிறாய் என்றான்.

தெரியாது என்றேன்.
இந்த மணலில் கல் அறுக்க முடியாது.
உதிர்ந்துவிடும்.