விருப்பு இலக்கம்

துண்டுப்பிரசுரம் அடித்தது நான்தான்.
பாமன்கடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
டயர்க் கடைக்கு மேலே ஒற்றை மெசின்,
மழை வந்தால் தாள் ஈரம் குடித்துச் சுருளும் அறை.
மும்மொழியில் பன்னிரண்டாயிரம்.
மேலே அவருடைய சிரிப்பு,
கீழே இலக்கம் பதினேழு.

ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வரி கூட இருந்தது:
யாரை நேசித்தாலும் சட்டத்தின் முன் சமம்.
தமிழில அது எங்க என்று கேட்டேன்.
"இடம் காணாது அண்ணே," என்றான் அவருடைய பொடியன்,
"எங்கட எழுத்து நீட்டு."

இடம் இருந்தது.
அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை.
பதினொரு பொயின்டைப் பத்தாக்கினால்
ஒரு வரி என்ன, ஒரு குடும்பமே குந்தியிருக்கலாம்.
அச்சுக்காரனுக்குத் தெரியாதா?
தெரிந்தும் மெசினைப் போட்டேன்.
முதலில் வெல்லட்டும் என்று நினைத்தேன்.
அம்மாவுக்கும் அந்த வரியை
நான் இதுவரை தமிழில் சொன்னதில்லை.

ஒருமுறை வந்தார்,
ஹம்டன் லேனில் டெரன்ஸின் வீட்டுக்கு.
லிஃப்ட் பழுது. நாலு மாடியும் ஏறி வந்தார்.
அவருக்கு மூச்சு வாங்கியதே
எங்களுக்குப் பாதி வாக்குறுதி.
மீன் ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டார்.
சுசந்தவின் கையைக் குலுக்கினார், பிறகு என்னுடையதை,
பிறகு இருவரையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்த்தார்,
ஒரு சோடியைப் பார்ப்பதுபோல.
முந்நூற்று அறுபத்தைந்தை
முதல் வருசமே தூக்கிவிடலாம் என்றார்.
இம்தியாஸ் குசினிக்குள் போய் அழுதுவிட்டு
வெங்காயம் என்றான்.
ரோல்ஸ் கடையில் வாங்கியது.

தேர்தலன்று
அட்டை மறைப்புக்குள் நான் தனியே.
யாரும் கதவைத் தட்டாத ஓர் இடம்.
கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு விருப்பு.
இந்த அரசாங்கம் என் விருப்பைக் கேட்ட
ஒரே தாள் அது.
பதினேழின் மேல் அழுத்திப் போட்டேன்,
தாளின் முதுகில் தடவினால் தெரியும் அளவுக்கு.

ஆயிரத்து நாநூறு விருப்பால் உள்ளே போனார்.
அதில் நாங்கள் எத்தனை என்று
இம்தியாஸ் விரல் மடித்தான்.
எண்ணப் பயந்த ஆட்கள் நாங்கள்.
அன்று எண்ணினோம்,
சின்னிவிரல் மையோடு.

பிறகு காலம் கனியவில்லை என்றார்.
அரிசி விற்கிற விலையில் இதுவா என்றார்.
ஆனைக்கொய்யாவை அரிசிப் பானைக்குள் புதைத்தால்
மூன்றாம் நாள் கனியும்,
இரண்டு வருசம் வைத்தால் என்னவாகும் என்று
டெரன்ஸ் கேட்டான்.
போன கிழமை டீவியில்:
"மூடின கதவுக்குள்ள நடக்கிறத
யார் கேக்கினம்?"

கேட்டார்கள்.
தெஹிவளை லொட்ஜில், விடிய இரண்டு மணிக்கு.
சுசந்தவின் போனைப் பிடுங்கி
படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்கள்,
கலியாண அல்பம் பார்ப்பதுபோல் ஆறுதலாக.
ஒருவன் சிரிக்கவில்லை. அவனைத்தான் எனக்குப் பயம்.
எங்களுக்கென்று தந்த இலக்கத்துக்கு எடுத்தேன்.
நீங்கள் அழைத்த இலக்கம்
தற்போது பாவனையில் இல்லை.
மூன்று மொழியிலும் சொன்னது,
ஒரு வரியும் குறையாமல்.

இப்போது மாநகரசபைக்கு அவருடைய மச்சான்.
அதே பொடியன், புதுப் பிரதி.
இம்முறை அந்த வரி ஆங்கிலத்திலும் இல்லை.
"இடம் காணாதோ?" என்றேன்.
வெற்றிலைக் கறையோடு சிரித்தான்.
போன தேர்தல் பில்லில் பாதி இன்னும் பாக்கி.
சுவரில் அப்பா ஒட்டிய பலகையைக் காட்டினேன்:
இன்று ரொக்கம், நாளை கடன்.
அவன் காசை எண்ணத் தொடங்கினான்.

அவன் எண்ணி முடிப்பதற்குள்
மச்சானின் சிரிப்புக்குக் கீழே
அந்த வரியைத் தமிழில் அடித்துவிட்டேன்.
பத்து பொயின்ட்.
மெசினுக்கு அனுப்புவேனா தெரியாது.
வாடகை இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது.

இரவு சுசந்த வந்தான்,
திரைக்குக் கிட்டக் குனிந்து
எழுத்துக் கூட்டி வாசித்தான்.
அவனுக்குத் தமிழ் அரைகுறை,
அதனால் நேரம் எடுத்தது.
"இவ்வளவுதானா?" என்றான்.
"சின்ன வரிதானே."