ஏழாவது நிபந்தனை

முதல் ஆறும் என்னிடம் இருந்தன.
சாதாரணதரக் கணிதம், வவுனியாவில் எடுத்தது,
சத்தியம் செய்து மொழிபெயர்த்தவருக்குப்
பக்கத்துக்கு எண்பது டொலர்.
ஆங்கிலப் பேச்சுத் தேர்வில்
விடுமுறைக்கு எங்கே போவீர்கள் என்றார்கள்.
போனதில்லை என்றேன்.
மீதி நேரம் கடிகாரம் பேசியது.
அதற்கும் ஆறு புள்ளி தந்தார்கள்.
இருபது கிலோ தூக்குவீர்களா?
ஆப்பிள் பெட்டி பதினெட்டு, நாளுக்கு நானூறு.
'ஆம்' போடும்போது பேனா
அடுத்த தாள்வரை அழுந்திவிட்டது.

ஏழாவது சின்ன எழுத்தில் கிடந்தது:
நிறங்களைப் பிரித்தறியும் பார்வை,
கண் பரிசோதகரின் கையொப்பத்துடன்.
இதையெல்லாமா கேட்பார்கள் என்று சிரித்தேன்.

வின்டம் தெருக் கண்ணாடிக் கடையில்
ஒரு பெண் புத்தகம் விரித்தாள்.
பக்கமெல்லாம் புள்ளிகள்.
மார்கழி விடியலில் யாரோ
புள்ளி மட்டும் வைத்துவிட்டு
கோடிழுக்காமல் எழுந்துபோன வாசல்.
என்ன எண் தெரிகிறது?
எண்ணா?
சரி, இதில்?
ஒரே ஒரு பக்கத்தில் பன்னிரண்டு தெரிந்தது.
அது எல்லோருக்கும் தெரியுமாம்,
மனம் விட்டுப்போகாதிருக்க
முதலில் வைத்திருக்கிறார்கள்.

முப்பத்தெட்டு வயதில்
ஷெப்பர்டன் நடைபாதையில் நின்றேன்.
மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ.
இப்படித்தான் இத்தனை தெருவும் கடந்திருக்கிறேன்,
எல்லோரும் அப்படித்தான் என்று.

பிறகு தக்காளிக் கொட்டகை வந்தது.
நாட்டுக்கு வந்த புதிது, மூன்றாம் நாள்.
பட்டை ஓடுகிறது, பழம் இடப்பக்கம், காய் வலப்பக்கம்.
மற்றவர்களின் கைகள் தாமாகப் பறந்தன.
எனக்கோ எல்லாம் ஒரு வயிற்றில் பிறந்தவை.
ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வைத்தேன்.
மேற்பார்வையாளன் அகிம்
ஒரு காயை என் மூக்குக்கு நேரே நீட்டி
கண் இல்லையா உனக்கு என்றான்.
இருக்கிறது என்றேன்.
வெள்ளிக்கிழமை கணக்கு முடித்து அனுப்பினார்கள்.
சோம்பேறி, கவனமில்லாதவன்.
ஒன்பது வருடமாக
நானும் அதை நம்பியிருந்தேன்.

அனுமதிப் பிரிவின் டெனிஸ்
என்னைவிட வருந்தினாள்.
சிவப்புக் கம்பியில் மின்சாரம் வரும்,
பச்சை நிலத்துக்குப் போகும்,
அது மாறிவிட்டால்,
என்று தொடங்கி, கையை மட்டும் விரித்தாள்.
எனக்குப் புரிந்தது.
எங்கோ ஒரு வீட்டில்
நான் பூட்டிய விளக்கின் கீழ்
உறங்கப்போகிற ஒரு பிள்ளைக்காக
எழுதி வைத்த நிபந்தனை அது.
கோபம் வரவில்லை.
வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

குழாய் வேலைக்கு இடம் இருக்கிறது என்று
இன்னொரு படிவம் தந்தாள்.
அதில் ஆறுதான்.

இரவு யசோதினி கேட்டாள்,
நான் போட்டிருக்கிற சட்டை என்ன நிறம்?
மண்.
பச்சையப்பா இது!
வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள்.
அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது,
போய்த் தணித்துவிட்டு வந்தாள்.
திடீரென்று, குரல் இறங்கி,
அப்ப அந்தக் கூறை?
வடிவாத்தான் இருந்தது என்றேன்.
கேட்டதற்கு அது பதில் இல்லையென்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
அவள் வேறெதுவும் கேட்கவில்லை.
தட்டில் ஒரு தக்காளியை உருட்டிவிட்டாள்.
அமுக்கிப் பார்த்தேன்.
பழம் என்றேன்.
பழம்தான்.

பிறகு மேசையைத் துடைத்துப்
புதிய படிவத்தை விரித்தோம்.
முதல் வரி:
நீலம் அல்லது கறுப்பு மையால் மட்டும் நிரப்பவும்.
பேனாவின் மூடியைக் கழற்றி
அவளிடம் நீட்டினேன்.
சிவப்பில்லையே?