கூலி வாங்காத காவலன்

வியாழக்கிழமை இரவு பதினொன்றரைக்கு
கோலான் மேட்டின் சேற்றை பூட்ஸோடு சுமந்து
ஜெருசலேம் பாடசாலைக்குள் வந்தான் நெத்தனேல்.
வீட்டுக்குப் போகவில்லையா என்றேன்.
அம்மா தூங்கட்டும்,
எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்றான்.

நின்ற பக்கத்தில் நான் நிற்கவில்லை.
அவன் போன பதினேழு வாரத்தில்
வேறொருவனோடு உட்கார்ந்து
அந்த அத்தியாயம் முடிந்து
அடுத்ததிலும் பாதி வந்தாயிற்று.
ஆனாலும் பின்னோக்கிப் புரட்டினேன்
அவன் சிந்திய காபிக் கறை வரும்வரை.
இங்கேதான், என்றேன்.

காவலர் நால்வர்:
கூலியின்றிக் காப்பவன், கூலிக்குக் காப்பவன்,
இரவல் கொண்டவன், வாடகைக்கு எடுத்தவன்.
மாடு தொலைந்தால் யார் எவ்வளவு தரவேண்டும்?
மீன் சந்தை தோற்கும்படி
கத்திப் படிப்பதுதான் எங்கள் வழக்கம்.
மேசையைக் குத்துவான், என் பென்சில் துள்ளும்.
இன்று தாழ்ந்தே இருந்தது அவன் குரல்,
இருட்டில் பேசிப் பழகிய குரல்.

மேய்ப்பன் ஊருக்குள் போனபோது ஓநாய் வந்தால்?
எல்லோரும் போகிற நேரத்தில்தானே போனான்,
அவன்மேல் என்ன குற்றம் என்றேன்.
நெத்தனேல் என்னைப் பார்த்தான்.
மூன்று மணிக் காவலில் நின்று பாரடா
என்று அவன் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்,
தோரா படிப்பதும் காவல்தான் என்று.
இழுப்பறையில் கடிதமும் வைத்திருந்தேன்,
இந்த ஆண்டுக்கும் ஒத்திவைப்பு,
முத்திரை கொஞ்சம் கோணல்.

துப்பாக்கியை பெஞ்சுக்கடியில் தள்ளினான்.
இதைக் கொஞ்சம் பார்த்துக்கோ.
சரி.
மறுநொடி திறந்த ஏட்டின்மேல் கன்னம் வைத்துத்
தூங்கிப்போனான்.

சொன்னபிறகுதான் உறைத்தது.
அந்த ஒரு "சரி" போதும்,
சட்டப்படி நான் காவலன்.

ஒரு மணிக்கு யாரோ பாதி விளக்குகளை அணைத்தார்கள்.
எழப் பார்த்தேன்.
துப்பாக்கி வார் என் செருப்பில் சுற்றியிருந்தது.
குனிந்து அவிழ்த்தேன்.
இருபத்துமூன்று வயதுவரை தொட்டதில்லை.
குளிர்ந்திருக்கும் என்றிருந்தேன்,
அவன் முதுகின் சூடு இன்னும் இருந்தது.

கூலி வாங்காத காவலன் விடுபட வழி எளிது.
அலட்சியமாய் இருக்கவில்லை என்று
ஒரு சத்தியம்.
என்ன சொற்களில் செய்யவேண்டும் என்பது
அடுத்த பத்தியில் வருகிறது.
அது அவன் கன்னத்துக்கடியில் இருக்கிறது.