திரும்பி வருவதற்கான காரணங்கள்

அருமனை சந்திப்பில் என் கம்ப்யூட்டர் கடை.
ஜெராக்ஸ், பட்டா, பான் கார்டு, பரீட்சை ரிசல்ட்.
பாடகர் குழுவின் இருபத்து மூன்று விசா விண்ணப்பங்களையும்
நான்தான் அடித்தேன்,
ஆல்ட்டோ வரிசையில் இரண்டாவதாக நிற்பவள் என்பதால்
காசு வாங்காமல்.

தொழில் என்ற கட்டத்தில்
எல்லாரும் கொஞ்சம் உயர்ந்துகொண்டார்கள்.
அண்டியாபீஸ் சூப்பர்வைசர் மேலாளர் ஆனார்.
ஆறு தேனீப்பெட்டி வைத்திருக்கும் ஜஸ்டஸ்
ஏற்றுமதியாளர்.
தாசையன் அண்ணனிடம் கேட்டேன்.
"பால்வெட்டு" என்றார்.
அடித்தேன்.

விவசாயி என்று போட
எனக்கு ஏன் தோன்றவில்லை?
மத்தியானம். கரண்ட் வேறு போய்ப்போய் வந்தது.
பின்னால் இன்னும் ஒன்பது பேர்.

இருபத்திரண்டு பாஸ்போர்ட் ஸ்டிக்கரோடு வந்தன.
ஒன்றில் மட்டும் ஒரு தாள்:
விண்ணப்பதாரர் திரும்பி வருவார் என்று நம்பப்
போதிய காரணங்கள் இல்லை.

முந்நூற்று நாற்பது மரம்.
விடியுமுன் மூன்றரைக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறுகிற மனிதர்.
குழித்துறை தாண்டி எங்கே போனாலும்
சாயங்கால பஸ்ஸுக்கு வந்துவிடுவார்.
கல்யாண வீட்டில் பாயசம் வருமுன்
இலையை மடித்துவிட்டு எழுந்திருப்பார்.
போதிய காரணங்கள் இல்லை.

"சவம், கிடக்கட்டு பிள்ளே" என்றார்.
மறுநாள் ஒத்திகைக்கு வந்தார்.
நாங்கள் விமானம் ஏறும் வாரம்வரை
ஒருநாள் விடாமல் வந்து
பேஸ் வரிசையின் ஓரத்தில் நின்று
போகாத ஊருக்குப் பாட்டுப் படித்தார்.

எல்பே ஆற்றங்கரையில் ஒரு கல் கோவில்.
தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறதாம்;
ஆனாலும் ஷீபா பட்டுப்புடவைக்குள்
இரண்டு பனியன் போட்டிருந்தாள்.
நாங்கள் கொண்டுபோன முந்திரிக்கொத்தை ஒருவர் கடித்துப் பார்த்து
பல்லைத் தடவிக்கொண்டார்.

மூன்றாம் சரணத்தில்
மற்றவர்கள் எல்லாரும் மூச்சுக்கு நிறுத்தும்போது
பேஸ் மட்டும் கீழ் ஸோவில்
நான்கு எண்ணிக்கை இழுக்க வேண்டும்.
மிச்சமிருந்த மூன்று பேருக்கும் அந்த ஆழம் எட்டாது.
வில்பிரட் சார் மாற்றி எழுதியிருக்கலாம்.
எழுதவில்லை.
அவர் கை மட்டும் காற்றில்
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

எனக்கு என் விரல்கள் தெரிந்தன.

பிறகு சொப்ரானோ நுழைந்தது.
பிறகு நாங்கள்.

முடிந்ததும் வெள்ளைமுடி அம்மா ஒருத்தி
என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.
மொழிபெயர்க்க வந்த பையன் சொன்னான்:
"நடுவுல ஒரு மௌனம் வந்துச்சே,
அதுதான் ரொம்பப் பிடிச்சுதாம்.
யார் எழுதினதுன்னு கேக்குறாங்க."

நான் எழுதினது என்று சொல்ல
ஜெர்மன் தெரியாது.
தமிழில் சொல்லத் தைரியம் இல்லை.
சிரித்தேன்.
மூன்று பேருமாக ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

ஊர் வந்து நான்காம் நாள்
சாக்லேட் டப்பாவோடு போனேன்.
ஷீட் அடிக்கிற ரோலரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.
கொட்டகை முழுக்க ஆசிட் வாடை.
எப்படிப் பாடினீர்கள் என்று கேட்கவில்லை.
அங்கே கோவில் மணி என்ன சுருதி என்று கேட்டார்.
நான் கவனித்திருக்கவில்லை.

கையைத் துடைத்துவிட்டு
கூரைக் கம்பில் செருகியிருந்த கவரை எடுத்தார்.
விசாவுக்கு எடுத்த போட்டோ, எட்டில் மீதி ஆறு.
வெள்ளைப் பின்னணி.
சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரன் சொன்னதை
அப்படியே கேட்ட முகம்.

"இதை நீயே வச்சுக்க பிள்ளே,
அடுத்த தடவைக்கு ஆகும்."

ரோலருக்குத் திரும்பினார்.
ஒரு ஷீட் முழுதாக வெளியே வந்து தொங்கிய பிறகு சொன்னார்:

"தொழில் கேட்டான்னா
பால்வெட்டுன்னே போடு.
எழுத்துப்பிழை இல்லாம."